தகவல் தெரிந்தால் அழைக்கவும்

ஜனவரி 6, திங்கள். திருச்சி

டைரியின் முதல் பக்கத்தில் பெயர், ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். சுடர்க்கொடி. ஓ பாசிட்டிவ். அவசரத்துக்கு யாரையும் அழைக்க வேண்டாம், நானே பார்த்துக்கொள்வேன்.

'பதினோராம் நடைமேடை' படத்தில் நான் மூன்றாவது உதவி இயக்குநர். மூன்றாவது என்றால் நாலாவதாக ஒருவர் இல்லை என்று அர்த்தம். எது தொலைந்தாலும் என்னைத்தான் தேடுவார்கள். கதை இதுதான்: ஊரில் எங்கோ குண்டு இருப்பதாகச் செய்தி வருகிறது, ஊர் நடுங்குகிறது, ஆட்சியில் இருப்பவர் அந்த நடுக்கத்தை வைத்தே தேர்தலை ஜெயிக்கப் பார்க்கிறார். "என் படத்துல வில்லன் தீவிரவாதி இல்லம்மா, பயம்தான் வில்லன்" என்று டைரக்டர் சார் இன்று காலையும் சொன்னார். இட்லிக்குக் கெட்டிச் சட்னி வரவில்லை என்று புரொடக்‌ஷன் ஆளைத் திட்டி முடித்த கையோடு சொன்னார்.

ஆறு நாள் திருச்சி. பொங்கலுக்கு முன் முடித்தாக வேண்டும்.

ஜனவரி 8, புதன்

போஸ்டர் தலைவலி. கதைப்படி போலீஸ் அவசரத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு ஆளின் படத்தை 'தேடப்படுபவர்' என்று ஊர் முழுக்க ஒட்டிவிடுகிறது. அந்த முகத்துக்கு வர வேண்டிய ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் மழுமழுவென்று ஷேவ் செய்துகொண்டு மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். தாடி வேண்டும், களைப்பு வேண்டும், கண்ணில் ஏதோ ஒன்று வேண்டும் என்று டைரக்டர் சார் குதித்தார். அச்சகத்துக்கு மதியத்துக்குள் கொடுக்க வேண்டும்.

எப்படியோ ஒரு முகம் கிடைத்தது. கொடுத்துவிட்டேன். நாற்பது பிரதிகள்.

அரசு முத்திரை போடக் கூடாது என்பதால் கலைப் பிரிவு ஒரு சிங்கம் வரைந்தது. சாப்பிட்டுத் தூங்கும் பூனை போல இருக்கிறது. கீழே 'தகவல் தெரிந்தால் அழைக்கவும்' என்று ஒரு எண் வேண்டும். ஊரில் யாரோ ஒருவர் எண்ணைப் போட்டால் அவர் பாவம். அதனால் என் போனில் இரண்டாவதாகச் சும்மா கிடக்கும் பழைய சிம்மின் எண்ணைப் போட்டேன். என் பெயர் திரையில் வருவதற்கு முன்பே என் எண் வரப்போகிறது.

ஜனவரி 9, வியாழன்

உறையூரிலும் பாலக்கரையிலும் போஸ்டர் ஒட்டிப் படமெடுத்தோம். டைரக்டர் சார் மானிட்டரில் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இந்த ஆளு? பிரமாதம். அடுத்த ஷெட்யூலுக்கு இவரையே கூட்டிட்டு வா" என்றார்.

"ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் சார், பேசிடுறேன்" என்றேன்.

வெயில் கடுமை. மோர் மூன்று டம்ளர்.

ஜனவரி 12, ஞாயிறு

முடிந்தது! கோ-டைரக்டர் பெஞ்சமின் அண்ணன் ஒவ்வொரு ஊரிலும் கடைசி நாள் ஒரு தாள் கொடுப்பார். இடத்தை வாங்கியபடியே திருப்பிக் கொடுத்தோமா என்பதற்கு. ஒயர் சுருட்டியாச்சா, சுவரில் அடித்த ஆணி பிடுங்கியாச்சா, போஸ்டர் எடுத்தாச்சா என்று வரிசையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோர சீட். பக்கத்தில் ஒருவர் மடியில் கரும்புக்கட்டு. அது என் கண்ணைக் குத்தப் பார்த்ததைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சாப்பிட்டேன், தூங்கினேன், சாப்பிட்டேன்.

ஜனவரி 16, வியாழன்

பழைய சிம்மில் ஒரு அழைப்பு. "மேடம், அந்த போஸ்டர்ல இருக்கிறவன் எங்க தெருவுல வாடகைக்கு வந்திருக்கான். யார்கிட்டயும் பேசுறதில்ல. சுண்டல்கூட வாங்கிச் சாப்பிடல." விளையாடுகிறார்கள் என்று நினைத்து, குரலைக் கொஞ்சம் தடிமனாக்கி, "தகவலுக்கு நன்றி" என்றேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருடி, போலீஸா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஜனவரி 19, ஞாயிறு. சென்னை

ஸ்டுடியோவில் ரயில் பெட்டி செட். நேற்றுத் திருச்சியில் ஏதோ ஒரு பேருந்து நிறுத்தத்தில் அனாதையாக ஒரு பை கிடந்து, நிபுணர்கள் மோப்ப நாயோடு வந்து, இரண்டு மணி நேரம் போக்குவரத்தை நிறுத்தித் திறந்து பார்த்தார்களாம். உள்ளே மிக்ஸி ஜாரும் ஒரு டப்பா முறுக்கும். குடியரசு தினம் வேறு வருகிறதா, ஊரே உதறிக்கொண்டிருக்கிறதாம்.

டைரக்டர் சாருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, நம்ம படம் நிஜத்துல ஓடுது!"

இன்று மட்டும் ஒன்பது அழைப்பு.

ஜனவரி 20, திங்கள்

ஒருவர் அவனை வடக்கத்தி ஆள் என்கிறார். மூக்கைப் பார்த்தாலே தெரிகிறதாம். ஒருவர் "நிச்சயம் பாய்தான் மேடம்" என்று அடித்துச் சொல்கிறார். இன்னொருவருக்கு அவன் இலங்கையிலிருந்து படகில் வந்தவன். போஸ்டரில் பெயர்கூடக் கிடையாது. தீவிரவாதிக்கு மதமும் ஊரும் சொல்லக் கூடாது என்று டைரக்டர் சார் கறாராக இருந்தார். நாங்கள் காலியாக விட்ட இடத்தை ஆளாளுக்கு நிரப்பிக்கொண்டார்கள்.

மதியம் ஒரு அம்மா. குரலே நடுங்கியது. "எங்க வீட்டுக்கே வந்திருக்கான் மேடம். தண்ணி சுத்தம் பண்ற மெஷின் ரிப்பேர் பண்ண. ரெண்டு வருஷமா வர்றான். பை நிறைய டியூபு, வெள்ளை வெள்ளையா சிலிண்டரு. இப்பத்தானே தெரியுது!"

"அம்மா, அது சினிமா போஸ்டர். ஷூட்டிங்குக்கு ஒட்டினது."

பிறகு ரகசியம் பேசுகிற குரலில், "புரியுது மேடம். ஜனங்க பயப்படக் கூடாதுன்னு அப்படித்தான் சொல்லணும். நான் யார்கிட்டயும் மூச்சு விடல" என்று வைத்துவிட்டார்.

இதுவரை எனக்கு இது தமாஷாக இருந்தது. தண்ணீர் மெஷின் ரிப்பேருக்கு வீடு வீடாகப் போகும் ஒரு நிஜ ஆள் என்றதும் தமாஷ் போய்விட்டது.

ஜனவரி 21, செவ்வாய்

காலையிலேயே ஒருவர்: "மேடம், தாடியை எடுத்துட்டான்! மாறுவேஷம்! நேத்து வரைக்கும் இருந்த தாடி இன்னிக்கு இல்ல. நம்மள முட்டாள்னு நினைச்சிட்டான்."

சரி, எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை.

அந்த முகம் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் இல்லை. டிசம்பரில் லொக்கேஷன் பார்க்கப் போனபோது உறையூர்க் கடைத்தெருவை நான் எடுத்த போட்டோக்களில், டீக்கடை வாசலில் கண்ணாடி டம்ளரோடு நின்றவர். பெயர் தெரியாது. கேட்கவும் இல்லை. கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை. டீக்கடைக்காரர் அவரை "சாமி, சர்க்கரை கம்மியா?" என்று கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. சபரிமலைக்கு மாலை போட்டவர். பல நாள் தாடி, விரதக் களைப்பு. டைரக்டர் சார் கேட்ட 'ஏதோ ஒன்று' அவர் கண்ணில் இருந்தது. படத்தைக் கழுத்துக்கு மேலே வெட்டினேன். மாலை தெரியக் கூடாது என்பதற்காகவே வெட்டினேன்.

மகரஜோதி பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருப்பார். மாலையைக் கழற்றிவிட்டுத் தாடியை எடுத்திருப்பார். மலைக்குப் போய் வந்த எல்லாரும் செய்வதுதான். அதுவும் இப்போது குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

ஜனவரி 22, புதன்

பெஞ்சமின் அண்ணனிடம் பாதி சொன்னேன். போன் வருகிறது என்ற பாதி.

"போஸ்டரைத்தான் எடுத்தாச்சே? டிக் போட்டிருக்கியே?"

"ஒண்ணு ரெண்டு விட்டுப்போயிருக்கும்ணே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பதினைந்து வருஷமாகக் கோ-டைரக்டராக இருப்பவர், டிக்கைப் பார்த்தே அவசரத்தில் போட்டதா, நிதானமாகப் போட்டதா என்று சொல்லிவிடுவார்.

ஒன்று கூட எடுக்கவில்லை. பஸ் ஆறு மணிக்கு. அதை விட்டால் பொங்கல் கூட்டத்தில் நின்றுகொண்டே போக வேண்டும். எழுதிப் பார்த்தால் இவ்வளவுதான் காரணம்.

மழை வந்து கிழித்துவிடும் என்று நினைத்தேன். தையில் ஏது மழை.

ஜனவரி 23, வியாழன்

சைலன்ட்டில் போட்டுவிட்டேன். இரண்டாவது ரயில் பெட்டிக்குத் திரைச்சீலை நிறம் மாறியிருந்தது, நான்தான் கண்டுபிடித்தேன். எல்லாரும் பாராட்டினார்கள்.

ஜனவரி 24, வெள்ளி

சாப்பாட்டு இடைவேளை. தட்டில் வத்தக்குழம்பு. திரையில் மறுபடி ஒரு புது எண். ஏனோ எடுத்தேன்.

"வணக்கம் மேடம். இது தகவல் சொல்ற நம்பருங்களா?"

"சொல்லுங்க."

"அந்த போஸ்டர்ல இருக்கிற ஆளு எங்க இருக்கான்னு எனக்குத் தெரியுங்க."

"எங்க இருக்காரு?"

"நான்தாங்க பேசுறேன்."

அவரே தொடர்ந்தார். "பேரு தனுஷ்கோடிங்க. உறையூர். எங்க வந்து ஆஜராகணும்னு தெரியல. பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனா அடிப்பாங்கன்னு வீட்ல அழுவுறாங்க. போஸ்டர்ல உங்க நம்பர் இருந்துச்சு. பொம்பளக் குரலா இருக்கவும் கொஞ்சம் தைரியம் வந்துச்சு. நேத்துக் கடைத்தெருவுல நாலஞ்சு பேரு சட்டையைப் பிடிச்சிட்டாங்க. டீக்கடைக்காரருதான் விலக்கிவிட்டாரு. மேடம், நான் ஓடி ஒளியல. மலைக்குப் போயிருந்தேன், அவ்வளவுதான். நான் என்ன பண்ணிட்டேன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா..."

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வரிதான். சிக்னல் சரியில்லை. இல்லை, சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அனுமதி இல்லாமல் படத்தைப் போட்டது தெரிந்தால் கேஸ், படம் நிற்கும், இனி எந்தக் கம்பெனியும் என்னைச் சேர்க்காது. அரை நொடியில் இத்தனையும் யோசித்தேன். பிறகு அந்தத் தடித்த குரலில், "வீட்டிலேயே இருங்க. எங்கேயும் போகாதீங்க. நாங்க வந்து பேசுறோம்" என்றேன்.

"ரொம்ப நன்றிங்க மேடம்" என்றார் அவர்.

வத்தக்குழம்பை அப்படியே வைத்துவிட்டு, போனைச் சைலன்ட்டிலிருந்து எடுத்தேன். வெட்கமாக இருக்கிறது. இதற்குமேல் இன்று எழுத முடியாது.

ஜனவரி 25, சனி. திருச்சி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று ராத்திரியே பெஞ்சமின் அண்ணனிடம் மீதிப் பாதியையும் சொன்னேன். திட்டவில்லை. "டைரக்டரை நான் பாத்துக்குறேன். நீ போ. போய் அந்த மனுசன் முன்னாடி நில்லு" என்றார். விடிந்ததும் பஸ். பதினொரு மணிக்கு உறையூர். அவர் வீட்டுக்கு நேராகப் போயிருக்க வேண்டும். முதலில் சுவரைச் சுத்தம் செய்துவிட்டுப் போனால் கொஞ்சமாவது முகம் இருக்கும் என்று நினைத்தேன். வாளி, பிரஷ், கரண்டி எல்லாம் வாங்கிக்கொண்டு கடைத்தெருவில் முதல் போஸ்டரை நனைத்தேன். கலைப் பிரிவு பசை. லேசில் வருமா?

நாலாவது போஸ்டரில் மாட்டிக்கொண்டேன். "ஏம்மா, யாரு நீ? எதுக்கு அதைக் கிழிக்கிற?" என்று ஒரு மளிகைக் கடைக்காரர். பின்னால் இருபது பேர். யாரோ ஒருத்தி, "அவன் கூட்டாளி!" என்றாள். அது போதாதா? வாளியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"சினிமாங்க! ஷூட்டிங் போஸ்டர்ங்க!"

"எந்தப் படம்? யாரு ஹீரோ?" என்றார் கடைக்காரர். சொன்னேன். "அவரு இப்ப வேற படமில்ல பண்றாரு" என்று ஒருவர் மறுத்தார். விவாதம் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. கடைக்காரர் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். "சும்மா பேசிக்கிட்டு இருக்க வேணாம். நம்பர் இருக்கு பாருங்க. அவங்களுக்கே போன் போடுவோம்."

சுவரைப் பார்த்து எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். என் கைப்பையில் மணி அடித்தது.

அவர் போனைப் பார்த்தார், பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துண்டித்துவிட்டு மறுபடி அழுத்தினார். மறுபடி அடித்தது. அழுவதா சிரிப்பதா தெரியாமல் போனை எடுத்துக் காதில் வைத்து, இரண்டடி தூரத்தில் நின்ற அவரிடம், "சொல்லுங்க சார், நான்தான்" என்றேன்.

ஸ்டேஷனில் ஒரு மணி நேரம். ஏட்டு நல்ல மனிதர், நல்ல கோபக்காரர். "இந்தச் சிங்கத்தைப் பாத்ததுமே சந்தேகப்பட்டேன். சரி, மெட்ராஸ் டீம் எதையோ ஒட்டியிருக்கு போலன்னு விட்டுட்டோம். எங்களுக்கு ஒரு தகவல்கூட வரலம்மா. ஊரே உனக்குத்தான் போன் பண்ணியிருக்கு!" டைரக்டர் சாரிடம் போனில் பேசி உறுதிசெய்தார். என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அது சினிமா போஸ்டர்தான் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மிச்ச போஸ்டரைக் கிழிக்க இரண்டு பேரை அனுப்பினார். வைப்பதற்கு முன் டைரக்டர் சார் என்னிடம் மெதுவாக, "அந்த மனுசன் நடிப்பாரா, கேட்டுப் பாரேன்" என்றார். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். முதல் தடவையாக.

டீக்கடைக்காரரிடம் வழி கேட்டுப் போனேன். தனுஷ்கோடியின் வீடு சின்ன மாடி வீடு. கதவு திறந்தே இருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை. கைலி, துண்டு, பிரஷர் மாத்திரை. நேற்று மதியத்திலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறாராம், நாங்கள் வருவோம் என்று நான் சொன்னதால். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஜீப்பு கீழ நிக்குதுங்களா மேடம்?"

"உக்காருங்க. நான் போலீஸ் இல்ல."

"பரவாயில்லங்க. நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சிட்டேன்" என்று ஒரு நோட்டை நீட்டினார். பள்ளிக்கூட நோட்டு. முத்து முத்தான எழுத்து. தில்லை நகரில் இரண்டு வீட்டில் புது ஃபில்டர் என்று சொல்லிப் பழையதைக் கழுவிப் போட்டது. லைசென்ஸ் காலாவதியாகி ஒரு மாதம் வண்டி ஓட்டியது. அண்ணன் சாவுக்குப் போகாமல் இருந்தது. விரதத்தில் ஒருநாள் மறந்து முட்டை பிஸ்கட் தின்றது. நாலு பக்கம். கடைசி வரி: இதற்கு மேல் எனக்கு நினைவு வரவில்லை, இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

சொன்னேன். டீக்கடை, போட்டோ, கழுத்துக்கு மேலே வெட்டியது, டிக், பஸ், நேற்றைய குரல், ஒன்றையும் விடவில்லை. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப நான் ஒண்ணும் பண்ணலீங்களா?" என்றார்.

"நீங்க ஒண்ணுமே பண்ணல."

அவர் தலை குனிந்து குலுங்கினார். எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. அதுவரை சுவரோரம் நின்ற அவர் மனைவி கற்பகம் அக்கா அப்போதுதான் பேசினார்.

"நீ அழுவாதம்மா. நீ அழுதா நான் உனக்கு ஆறுதல் சொல்லணும். எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல." குரல் ஏறவே இல்லை. "அஞ்சு நாளா ஒரு வீட்டுலயும் இவரை உள்ள விடல. ஹாஸ்டல்ல இருக்கிற பொண்ணை ஊருக்கு வராதேன்னு சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்கு வா. இவரு வேலை பாக்குற ஒவ்வொரு வீட்டுக்கும் கூடப் போயி நீயே சொல்லு."

வருகிறேன் என்றேன்.

ஜனவரி 26, ஞாயிறு

தெருமுனையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கும் அவருக்கும் கிடைத்தது. அவருடைய பையை நான் வாங்கிக்கொண்டேன். நல்ல கனம். இரண்டு வெள்ளை ஃபில்டர், டியூப், ஒரு ஸ்பானர் செட்.

காலையிலிருந்து பதினோரு வீடு. எல்லா இடத்திலும் ஒரே வசனம். "நான் சினிமாவுல வேலை செய்றேன். அந்த போஸ்டர் நான் செஞ்ச தப்பு. இவருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை." ஏட்டின் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினேன். சில வீட்டில் சிரித்தார்கள். ஒரு தாத்தா அவரைக் கட்டிக்கொண்டு உள்ளே இழுத்துப் போய்க் காபி கொடுத்தார். ஒரு வீட்டில் ஹீரோ எப்படிப் பழகுவார் என்று கேட்டார்கள். இது சீக்கிரம் சரியாகிவிடும் என்று எனக்கு உற்சாகம்கூட வந்தது.

பன்னிரண்டாவது வீடு, எனக்குப் போன் செய்த அந்த அம்மா. குரலிலேயே தெரிந்தது. நான் சொன்னது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தாளை இரண்டு முறை படித்தார். "சினிமாவா? அடடா, பாவமே" என்று மனதாரச் சொன்னார். தனுஷ்கோடியைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு கம்பிக் கதவைத் திறக்காமலேயே என்னிடம், "இருந்தாலும் மெஷினுக்கு வேற ஆளை அனுப்பச் சொல்லும்மா. தப்பா நினைக்க வேணாம்" என்றார்.

எனக்குச் சுரீரென்று வந்தது. வாயைத் திறந்தேன். தனுஷ்கோடி என் கையிலிருந்த தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வாங்க மேடம், அடுத்த வீடு" என்றார்.

அடுத்த வீட்டு வாசலில் எனக்கு இரண்டு அடி பின்னால், கதவின் துளையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி சுவரோரமாக ஒதுங்கி நின்றார். எத்தனை நாளாக அப்படி நிற்கப் பழகியிருக்கிறாரோ.

"பெல்லை நீங்களே அடிங்க மேடம்" என்றார். "நான் அடிச்சா திறக்க மாட்டாங்க."

அடித்தேன்.